ஆளுக்கொரு கல்

சங்கரன்கோவிலில் பிரசாதம் மண். திருநீறும் குங்குமமும் எல்லாக் கோயிலிலும் கிடைக்கும். சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் மடித்து எடுத்துப்போவது புற்றுமண்ணை. உடம்பில் பூசிக்கொள்வார்கள், வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். பக்தியை அவரவரிடமே விட்டுவிட்டு அந்தச் சிட்டிகை மண்ணை மட்டும் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். 1755 முதல் 1801 வரை பீரங்கியும் தூக்குக்கயிறும் ஆண்ட இந்த வட்டாரத்தின் கதைக்குள் நுழைய, அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

புற்றைக் கட்டுவது பாம்பு அல்ல, கறையான். நிலத்தடியிலிருந்து மாவுபோல நைந்த களிமண்ணைத் துளித்துளியாகக் கவ்வி மேலே கொண்டுவந்து, தன் எச்சிலைக் குழைத்து ஒட்டவைக்கிறது. அதனால் சுற்றியுள்ள மேல்மண்ணைவிடப் புற்றில் களிமண்ணின் பங்கு அதிகம். ஐப்பசி அடைமழையில் வரப்பு கரைந்தாலும் புற்று நிற்கும். வெயிலில் காய்ந்த புற்றை இடிக்க நினைத்தவருக்குத் தெரியும், மண்வெட்டி துள்ளித் திரும்பும், கடப்பாரைதான் வேண்டும். அரிசிமணி அளவு உடம்புள்ள ஒரு பூச்சி, சூளையும் சிமெண்டும் இல்லாமல் இதைச் செய்கிறது.

சுடாத மண்ணுக்கு இந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? விடை வியப்பானது: தண்ணீரிலிருந்து. களிமண் துகள் ஒவ்வொன்றும் நுண்ணோக்கியில் தட்டையான செதிலாகத் தெரியும். ஈர மண் காயும்போது பெரும்பாலான நீர் போய்விடும். செதில்கள் ஒன்றையொன்று தொடும் இண்டு இடுக்குகளில் மட்டும் மெல்லிய நீர்ப்படலம் தங்கிவிடும். அந்தப் படலத்தின் பரப்பு இழுவிசை செதில்களைப் பக்கத்தில் இழுத்துப் பிடிக்கிறது. இதை நுண்புழை ஈர்ப்பு என்பார்கள். மயிரிழைக்கும் மெல்லிய இடுக்கில் நீர் காட்டும் இழுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுக்கு குறுகக் குறுக இழுவை கூடும். காய்ந்த களிமண்ணில் அது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போலப் பல மடங்காகிவிடுகிறது. கொஞ்சம் நீர் இருந்தால் பாறை, நிறைய நீர் சேர்ந்தால் சேறு. மண் சுவரின் பலமும் பலவீனமும் ஒரே பொருளிடம்தான் இருக்கின்றன.

பலம் எவ்வளவு என்று ஒரு கணக்கு. நன்றாகப் பிசைந்து காயவைத்த மண்கட்டி, ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ எடையைத் தாங்கும். 12 அடி உயர மண் சுவரின் அடிப்பகுதியில் அதன் சொந்த எடை ஒரு சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு அழுத்தும் தெரியுமா? முக்கால் கிலோகூட இல்லை. நின்றபடியே நிற்பதற்குத் தேவையானதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் பலம் கையிருப்பில் கிடக்கிறது. அந்தக் கையிருப்பைத்தான் பாளையக்காரர்கள் போருக்குச் செலவழித்தார்கள்.

சங்கரன்கோவிலுக்கு மேற்கே நெற்கட்டும்செவல். பாளையக்காரர் பூலித்தேவரின் ஊர். 1755-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் ஹெரான் அங்கிருந்த கோட்டையைச் சுற்றி வளைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். பிறகு கும்பினிப் படைத்தலைவர் யூசுப்கான் வந்தார். 1767-இல் கர்னல் டொனால்ட் கேம்பெல் வாசுதேவநல்லூரை அடித்தபோது, பீரங்கி போட்ட துளைகளைக் கோட்டைக்குள் இருந்தவர்கள் வைக்கோலும் பனைமரமும் கொண்டு அடைத்துக்கொண்டே இருந்தார்கள் என்று கும்பினித் தரப்பே எழுதி வைத்திருக்கிறது. சங்கரன்கோவில் கோயிலுக்குள் ஓர் அறையைக் காட்டி, சிறைபிடித்துக் கொண்டுபோகும் வழியில் பூலித்தேவர் சாமி கும்பிட வந்து மறைந்த இடம் இதுதான் என்பார்கள். புற்றுமண் கொடுக்கும் அதே கோயிலில்தான்.

பீரங்கிக் குண்டுக்கும் மண் சுவருக்கும் நடந்த சண்டையைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கலாம். அந்தக் காலத்து முற்றுகைப் பீரங்கிகளில் ஒன்று, 18 பவுண்டு குண்டைச் சுடுவது. எட்டு கிலோ சொச்சம் எடையுள்ள இரும்பு உருண்டை நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் ஆற்றல், ஒன்றரை டன் கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும் ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமம். வித்தியாசம் என்னவென்றால், காரின் முகப்பு அகலம். குண்டின் குறுக்களவு ஒரு சாண்கூட இல்லை.

கருங்கல் சுவரில் அது விழுந்தால் முதலில் ஓர் அழுத்த அலை கல்லுக்குள் பாயும். கல் அழுத்தத்துக்கு அஞ்சாது. ஆனால் அந்த அலை சுவரின் மறுபக்கத்தைத் தொட்டுத் திரும்பும்போது இழுக்கும் அலையாக மாறிவிடுகிறது. இழுத்தால் கல் தாங்காது. அதனால் குண்டு முன்பக்கம் பட, கல் பின்பக்கம் தெறிக்கும். உள்ளே நிற்கிறவரைக் கொல்வது பல சமயம் எதிரியின் குண்டல்ல, சொந்தச் சுவரின் சில்லு. விரிசல் ஒன்று பிறந்தால் கல்லிலிருந்து கல்லுக்குச் சாந்து வழியாக ஓடும். அதே இடத்தில் தொடர்ந்து குண்டு போட்டால் சுவர் சரியும்.

மண்ணில் இந்த நாடகம் நடப்பதில்லை. மண்ணுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய வெற்றிடங்கள். குண்டு அவற்றை நசுக்கிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு துகளும் அடுத்ததோடு உராய்கிறது. ஆற்றல் சூடாகவும் நெரிசலாகவும் கரைந்துபோகிறது. அலை மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் செத்துவிடுகிறது. குண்டு தன் அளவுக்கு ஒரு பொந்தைப் போட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். பக்கத்து மண்ணுக்கு நடந்தது தெரியாது. ராத்திரியில் பொந்தில் ஈர மண்ணைத் திணித்தால் விடியற்காலையில் சுவர் மறுபடியும் சுவர்.

இது நம்மூர்ப் பெருமைக்காகச் சொல்வதல்ல. 1805-இல் ஜெனரல் லேக் ராஜஸ்தானத்துப் பரத்பூர் மண் கோட்டையை நான்கு முறை தாக்கி நான்கு முறையும் தோற்றார். 1826-இல் அதைப் பிடித்தது பீரங்கியால் அல்ல, சுவருக்கடியில் சுரங்கம் தோண்டி வெடிவைத்து. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 ஏப்ரலில், செங்கல்லால் கட்டிய புலாஸ்கி கோட்டை சுமார் 30 மணி நேரக் குண்டுவீச்சில் பிளந்தது. அதே போரில் வெறும் மண்ணும் மணலும் குவித்த அரண்கள் அடி வாங்கிக்கொண்டே நின்றன. காசு செலவழித்துக் கட்டியது விழுந்தது, சேற்றைக் குழைத்துக் கட்டியது நின்றது.

செங்கல்லுக்கு ஒரு திறமை உண்டு, மண்ணுக்கு அது இல்லை: சாட்சி சொல்வது. 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாகில் சுமார் பத்து நிமிடங்களில் 1,650 தோட்டாக்கள் சுடப்பட்டன. அந்தச் சுவர்களில் தோட்டா பெயர்த்த பள்ளங்களை இன்றும் பார்க்கலாம். செங்கல் நொறுங்கும், நொறுங்கிய வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். மண்ணோ காயத்தை ஆற்றிக்கொள்ளும், தழும்பையும் மழை கழுவிவிடும். ஆகவே நெல்லைச் சீமையின் போர்க்களங்களில் சுவரைப் பார்த்து வரலாறு படிக்க முடியாது. நினைவுக்கு வேறு பொருள் தேட வேண்டியிருந்தது.

அதற்கு முன் பாஞ்சாலங்குறிச்சி. 1799-இல் கட்டபொம்மனின் கோட்டையைக் கும்பினியார் தரைமட்டமாக்கினார்கள். 1801 பிப்ரவரி 2 அன்று அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். துரத்திக்கொண்டு ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்த கும்பினிப் படை திகைத்து நின்றது. இடித்த கோட்டை எழுந்து நிற்கிறது, சுவர் நெடுகிலும் ஆள். உடனிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி தன் நினைவுக் குறிப்புகளில் அந்த வியப்பை மறைக்கவில்லை. ஏறத்தாழ 500 அடிக்கு 300 அடி, 12 அடி உயரம், இறுகிப் பிடிக்கும் மண் என்று அளவோடு எழுதுகிறார்.

முடியுமா? கணக்குப் போட்டால் முடியும். சுற்றளவு 1,600 அடி. சுவர் அடியில் அகலம், மேலே ஒடுக்கம். சராசரி தடிப்பு 5 அடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 2,700 கன மீட்டர் மண், எடையில் 4,500 டன். ஓர் ஆள் ஒரு நாளில் ஒரு கன மீட்டர் மண்ணை வெட்டி, மிதித்து, சுவரில் ஏற்றுவார் என்றால், ஆறே நாளில் முடிக்க 450 பேர் போதும். ஊரே திரண்ட இடத்தில் அது பெரிய எண்ணிக்கை அல்ல. கல் கோட்டையாக இருந்திருந்தால் கல்தச்சன், சுண்ணாம்புக் காளவாய், வண்டி மாடு என்று ஆண்டுக்கணக்கில் ஆகியிருக்கும். மண் கோட்டைக்குக் கிடங்கு காலடியிலேயே இருந்தது. கொத்தனார் எல்லா வீட்டிலும் இருந்தார். இடித்துப்போட்ட சுவரின் மண்ணே புதுச் சுவருக்கு மூலப்பொருள்.

மார்ச் 31 அன்று நடந்த தாக்குதல் அந்தச் சுவரில் மோதித் தோற்றது. மே 24 அன்று, கர்னல் அக்னியூ இன்னும் பெரிய படையோடும் பீரங்கிகளோடும் வந்த பிறகுதான் கோட்டை விழுந்தது. மண்ணும் தோற்கும். ஆனால் இந்த முறை வென்றவர்கள் பாடம் கற்றிருந்தார்கள். சுவரை இடித்தால் போதாது, மண் மறுபடி எழுந்துவிடும். ஆகவே இடத்தையே உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். உழுத மண் இறுக்கம் இழந்த மண். அவர்கள் அறிந்து செய்தார்களோ அறியாமல் செய்தார்களோ, மண் சுவரைக் கொல்ல அதைவிடச் சரியான வழி கிடையாது.

இனி ஒன்றரை ஆண்டு பின்னால் போகவேண்டும், கயத்தாற்றுக்கு. சங்கரன்கோவிலிலிருந்து தென்கிழக்கே, மதுரை–நெல்லைச் சாலையில் இருக்கிறது. எழுத்தாளர் கி.ராஜநாராயணனின் இடைசெவலும் அதே சாலையை ஒட்டித்தான். செவல் மண் மெல்ல மெல்லக் கரிசலாகக் கறுத்துக்கொண்டு வரும் சீமை.

1799 அக்டோபர் 16. மேஜர் பானர்மேன் மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து வரிசையாக நிற்கவைத்து, அவர்கள் கண்ணெதிரே விசாரணை என்ற ஒன்றை நடத்தி, கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார். மறுநாள் சென்னைக்கு எழுதிய கடிதத்தில், கைதி கொஞ்சமும் கலங்கவில்லை என்றும், எட்டயபுரம், சிவகிரி பாளையக்காரர்களை ஏளனமாகப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்து நடந்து போனார் என்றும் குறிப்பிடுகிறார். அடக்கிவிட்டோம் என்று அறிவிக்க எழுதிய கடிதம், அடங்காதவருக்கு முதல் நினைவுச்சின்னமாகிவிட்டது.

இடம் தேர்ந்தெடுத்ததைக் கவனியுங்கள். கயத்தாறு அன்றைக்கே பெருவழி. படை போகும், வண்டி போகும், வியாபாரி போவான். நாலு பேர் கூடும் இடத்தில் தூக்கு மாட்டினால்தான் பயம் நாலா திசையும் போய்ச் சேரும். பழைய ஊர்களின் சதுக்கங்களில் உலகம் முழுக்க இதைத்தான் செய்தார்கள். ஆனால் கூட்டம் வரும் இடத்தில் பயத்தை நட்டவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அந்தக் கூட்டம் நாளைக்கும் வரும்.

வந்தது. ஒரு கட்டைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள் என்பது ஊர் வழக்கு. அந்த இடத்தைக் கடந்தவர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள், அது பெருங்குவியலாக வளர்ந்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது வீரமல்ல, பொறியியல். கற்குவியல் என்பது எளிய பொருள்போலத் தோன்றும். கொஞ்சம் கிட்டப் போனால் அது எத்தனை சாமர்த்தியமான பொருள் என்று தெரியும்.

முதல் சாமர்த்தியம் வடிவம். குவியலுக்கு வரைபடம் வேண்டாம். கையளவு கற்களை ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே வந்தால் அவை தாமாகவே கூம்பாகின்றன. சரிவு 35 முதல் 40 பாகை வரை செங்குத்தாகும். அதற்கு மேல் போட்ட கல் உருண்டு கீழே போய்விடும். உருளாமல் தங்கும் இந்த எல்லைச் சரிவுக்குச் சாய்வமைதிக் கோணம் என்று பெயர். மணலுக்கு அது சுமார் 34 பாகை. கல்லின் முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு கோணம் கூடும். ஆயிரம் பேர், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், நூறு ஆண்டு இடைவெளியில் வந்து போட்டாலும் கட்டடம் ஒரே வடிவில் எழும். மேஸ்திரி வேலையை உராய்வு பார்த்துக்கொள்கிறது.

இரண்டாவது, வளரும் விதம். ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஒரு குவியல் எழுப்ப எத்தனை கல் வேண்டும்? சரிவு 35 பாகை என்றால் அடிவட்டத்தின் குறுக்களவு நாலேகால் மீட்டர், கொள்ளளவு 7 கன மீட்டருக்குச் சற்று மேல். அதில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் வெறும் காற்று. அரை லிட்டர் அளவுள்ள கல் என்றால் எண்ணாயிரம் சொச்சம் கற்கள் தேவை. நாளைக்கு ஒருவர் போட்டால் 23 ஆண்டு. நாளைக்கு நூறு பேர் போட்டால் மூன்று மாதத்துக்கும் குறைவு. பெருவழியாயிற்றே, நூறு பேர் வராமலா போவார்கள்?

ஆனால் அழகு அந்த எண்ணில் இல்லை. எண்ணாயிரத்தில் முதல் ஆயிரம் கல் விழுந்ததுமே குவியல் பாதி உயரத்தை எட்டிவிடும். உயரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் கல் எட்டு மடங்காக வேண்டும் என்பது கூம்பின் கணக்கு. அதாவது, தொடக்கத்தில் கிடுகிடுவென்று எழுந்து கண்ணில் படும். பிறகு நிதானமாக வளரும். இதைத் திருப்பிப் பாருங்கள், இன்னும் சுவை. அதிகாரி ஒருவர் ஆள்விட்டுக் கற்களில் சரிபாதியை அள்ளிக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் மறுபடி கூம்பாகக் குவிந்தால் உயரம் எவ்வளவு குறையும்? ஐந்தில் ஒரு பங்குதான். பக்கவாட்டில் பிடுங்கினால் மேலே உள்ளவை சரிந்து பள்ளத்தை மூடும். சிலைக்கு மூக்கு உடைந்தால் உடைந்ததுதான். குவியலுக்கு உடைவதற்கு உறுப்பே கிடையாது.

தண்டிப்பதற்கு ஆளும் கிடையாது. மண்டபம் கட்டியவரைப் பிடிக்கலாம், பாட்டுக் கட்டியவரைப் பிடிக்கலாம். வழிப்போக்கன் குனிந்து ஒரு கல்லைப் போட்டதற்கு என்ன வழக்குப் போடுவது?

மூன்றாவது வியப்பு குவியலுக்குள்ளே இருக்கிறது. உச்சிக்கு நேர் கீழே, தரையில் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? ஒரே புள்ளியிலிருந்து கொட்டிக் குவித்த மணலுக்கடியில் அளந்து பார்த்தவர்கள் குழம்பிப்போனார்கள். நடுவில் அழுத்தம் குறைவு. சற்றுத் தள்ளிச் சுற்றிலும் வளையமாக அதிகம். காரணம், குவியலில் எடை சமமாகப் பரவுவதில்லை. சில கற்கள் ஒன்றன் தோளில் ஒன்றாகக் கைகோத்து எடையைச் சாய்வாக வெளிப்பக்கம் கடத்துகின்றன. இவற்றை விசைச் சங்கிலிகள் என்கிறார்கள். சங்கிலியில் மாட்டிய கல் பெருஞ்சுமை தாங்கும். அடுத்ததாகக் கிடக்கும் கல்லோ கிட்டத்தட்ட எதையும் தாங்காமல் சும்மா இருக்கும். வெளியிலிருந்து பார்த்து எது எது என்று சொல்ல முடியாது.

இதைவிட விசித்திரம் பிறகு வந்தது. அதே மணலை, அதே அளவை, ஒரு புள்ளியிலிருந்து கொட்டாமல் சல்லடையில் தூவுவதுபோலப் பரவலாகப் பெய்து குவித்தார்கள். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே கூம்பு. அடியில் அளந்தால் நடுப்பள்ளம் காணவில்லை! எப்படிக் குவிக்கப்பட்டது என்ற வரலாறு, கண்ணுக்குத் தெரியாத விசைகளாக உள்ளே பதிந்துவிடுகிறது. 1999-இல் வெளிவந்த அந்த ஆய்வுக் கட்டுரைக்கு ‘மணலில் நினைவுகள்’ என்று பொருள்படும் தலைப்பை வைத்தார்கள் இயற்பியலாளர்கள். கவிதைக்காக வைத்த பெயரல்ல, அளவுமானி காட்டியதற்கு வைத்த பெயர்.

இதில் ஒரு பகுதியைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். வீடு கட்டும் இடத்தில் லாரி கொட்டிவிட்டுப் போன ஜல்லியைப் பாருங்கள். பெரிய கல் அடிவாரத்தில், பொடி உச்சியில். பெரியவை சிறு பள்ளங்களைத் தாண்டி உருண்டு போய்விடும், சிறியவை மேலேயே சிக்கிக்கொள்ளும். யாரும் சலிக்காமலேயே சலித்து வைத்தாயிற்று.

கயத்தாற்று வழிப்போக்கர்கள் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பாலை நிலத்து வழிகளில் கொல்லப்பட்டவர்கள்மேல் கற்களைக் குவித்து மூடியதைச் சங்கப் பாடல்கள் பதுக்கை என்கின்றன. முதலில் அதற்குக் காரணம் மிக நடைமுறையானது: நரி தோண்டக் கூடாது. தொல்லியலார் தமிழ்நாடு முழுக்கக் கற்குவைகளையும் கல்வட்டங்களையும் கண்டிருக்கிறார்கள். குவியல் ஒற்றைக் கல்லாகச் சுருங்கினால் நடுகல். கல்லைத் தேடுவதில் தொடங்கி வாழ்த்துவதில் முடியும் ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களில் தமிழி எழுத்து இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தையவை. மங்கோலியாவில் மேய்ச்சல்காரர்களும் ஸ்காட்லாந்தில் மலைவாசிகளும் வழியோரக் குவியலில் கல் சேர்த்துவிட்டுத்தான் நடப்பார்கள்.

தென் மாவட்டங்களில் இன்னொரு கிளையும் உண்டு. அநியாயமாகக் கொல்லப்பட்டவர் தெய்வமாகிவிடுவார், அவருக்குப் பீடம் எழும்பும். அப்படிப்பட்ட பீடத்தைப் பார்த்திருப்பீர்கள்: அடி அகன்று உச்சி ஒடுங்கி, குவியலின் அதே தர்க்கம், மேலே சுண்ணாம்புப் பூச்சு. கொடைத் திருவிழாதோறும் வெள்ளையடிப்பதால் மழை உள்ளே இறங்காது. பராமரிப்பு நாட்காட்டியைப் பக்திக்குள் ஒளித்து வைத்த கட்டடக் கலை இது. பொருளே இல்லாத நினைவுச்சின்னம் கதைப்பாடல். கட்டபொம்மன் கதைப்பாடலைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தவர் நா.வானமாமலை.

சரி, அந்தக் குவியலின் வளர்ச்சியை எது நிறுத்தியது? கும்பினி அல்ல என்றுதான் தோன்றுகிறது. பஸ். குவியலுக்குத் தீனி நடந்து போகும் மனிதர். அவருக்குத்தான் குனிய நேரம் உண்டு, காலடியில் கல் உண்டு. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் கல் போட முடியாது, பார்க்கத்தான் முடியும். பார்ப்பதற்கும் நேரம் கொஞ்சம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நொடியில் 140 மீட்டர் போய்விடுகிறோம். அந்தத் தொலைவில் ஒன்றரை மீட்டர் குவியல், வானத்து முழுநிலவின் அளவுக்குத்தான் கண்ணில் விழும். வேகம் கூடினால் நினைவுச்சின்னம் உயர்ந்தாக வேண்டும்.

உயர்ந்தது. 1959-இல் பி.ஆர்.பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் நடித்த சிவாஜி கணேசன், கயத்தாற்றில் தம் செலவில் இடம் வாங்கிச் சிலை வைத்தார். பின்னர் அரசு மணிமண்டபம் கட்டியது. பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை நிற்கிறது, மண்ணால் கட்டியதல்ல. அதன் பக்கத்துக் கல்லறைகளில் அந்தப் போர்களில் செத்த வெள்ளை அதிகாரிகள் படுத்திருக்கிறார்கள். நெற்கட்டும்செவலில் பூலித்தேவருக்கு நினைவு மாளிகை இருக்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் ஒப்பந்தக்காரரும் திறப்பு விழாவும் காவலாளியும் தேவைப்பட்டன. புளியமரத்தடிக் குவியலுக்கு அவற்றில் ஒன்றும் தேவைப்படவில்லை. கட்டுமானமாக என் ஓட்டு அதற்கே.

உங்கள் ஊர்ப் பாதையோரத்தில், ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாத கற்குவியல் ஏதாவது இருக்கிறதா? சாலை அகலப்படுத்த வரும் ஜேசிபி அதை அள்ளுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதற்கு முன்னால் நாலு பக்கமும் நின்று படம் எடுங்கள். உயரத்தையும் அடிவட்டத்தையும் அளந்து குறியுங்கள். எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்பதும் தகவல்தான், ஆகவே எதையும் புரட்ட வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதையை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மாநிலத் தொல்லியல் துறைக்கோ நெல்லை அரசு அருங்காட்சியகத்துக்கோ ஒரு கடிதம் போடுங்கள்.